வாசிக்கச் சொன்னது நான்தான்

ராஜபாளையத்தில் பேச்சிமுத்து மோட்டார் பட்டறை எது என்று ஆட்டோக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்டு முடிப்பதற்குள் வண்டியைத் திருப்பிவிடுவார். நான் படித்தது மூன்றாம் வகுப்பு, அதுவும் முழுசாக இல்லை. ஆனால் எரிந்துபோன மோட்டாரை மோந்து பார்த்தே உள்ளே சுற்றிய செம்புக் கம்பிக் காயில் எம்புட்டுப் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவேன். வத்திராயிருப்புத் தோப்புகளில் தண்ணீர் இறைக்கிற மோட்டார்களில் பாதிக்கு மேல் என் கை பட்டவை. நம் மோட்டார் பட்டறைக்காரர்கள் சங்கத்தின் போன ஆண்டு மலரில் இதையெல்லாம் நானே ஆறு பக்கம் எழுதியிருந்தேன். படித்தவர்கள் பாராட்டினார்கள். படிக்காதவர்களும் பாராட்டினார்கள்.

இந்த ஆண்டும் எழுதித் தரச் சொன்னார்கள். இந்த முறை என் மருமகள் மாரிக்கனியைப் பற்றி எழுதுகிறேன். எழுதட்டுமா என்று அவளிடம் கேட்டேன். செத்த நேரம் யோசித்துவிட்டு, "எழுதுங்க மாமா. நடந்தத மட்டும் எழுதுங்க" என்றாள். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

மாரிக்கனிக்கு ஊர் வத்திராயிருப்புப் பக்கம் வ. புதுப்பட்டி. அவள் அப்பா சமுத்திரம் தென்னை ஏறுகிறவர். அவள் பத்தாவது படிக்கும்போது அவர் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா கூலிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. அதனால் துணைக்கு இருந்தது இந்தப் பிள்ளைதான். இருபத்திரண்டு நாள், பரீட்சைக்குப் படிக்கிற புத்தகத்தோடு வார்டில் தரையில் படுத்திருக்கிறாள். அங்கே நர்சுகள் செய்கிறதைப் பார்த்துப் பார்த்து, நாமும் இந்த வேலைக்குத்தான் போக வேண்டும் என்று முடிவு செய்தாளாம். பன்னிரண்டாவது முடித்து நர்சிங் படித்தாள். ராஜபாளையத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அங்கேதான் நான் அவளைப் பார்த்தேன். சர்க்கரையால் காலில் புண் வந்து பதினோரு நாள் படுத்திருந்தேன். மற்ற நர்சுகள் கட்டுப் பிரிக்கும்போது நான் கத்துவேன். இவள் பிரித்தால் பிரித்ததே தெரியாது. அந்தக் கையைப் பார்த்துத்தான் என் மகன் கௌதம்ராஜுக்குப் பேசி முடித்தேன். "பிள்ளையக் குடுங்க, வேற ஒண்ணும் வேண்டாம்" என்று சமுத்திரத்திடம் சொன்னேன். ஒன்றும் வாங்காமல் மருமகள் எடுத்தவன் என்று ஊரெல்லாம் சொல்லவும் செய்தேன்.

கல்யாணம் முடிந்து இருபதாம் நாள் அவளை வேலையை விட்டு நிறுத்தினேன். "என் வீட்டுக்கு வந்த பொறவு நைட் டூட்டி எதுக்கும்மா? நீ ராணி மாதிரி இரு" என்றேன். எந்தக் கையைப் பார்த்து எடுத்தேனோ அந்தக் கைக்கு வேலை இல்லாமல் செய்தது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. பெருமையாகத்தான் இருந்தது.

மூன்று வருடம் போய், பேத்திக்கு இரண்டு வயது ஆன பிறகு, மாரிக்கனி என் மனைவி சீனியம்மாள் மூலமாக ஒரு விஷயம் கேட்டாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குப் போக ஓர் இங்கிலீஷ் பரீட்சை இருக்கிறதாம். அதில் தேறினால் அவளும் என் மகனும் குழந்தையோடு லண்டன் பக்கம் போகலாமாம். உள்ளூர் ஆஸ்பத்திரிக்குப் போகக் கூடாது என்ற நான், லண்டன் என்றதும் சரி என்றேன். என் மருமகள் லண்டன் போகிறாள் என்று பட்டறையில் சொல்லிப் பார்த்தேன், சொல்ல நன்றாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கிருபாபாய் டீச்சர் என்று ஓர் அம்மா, வீட்டு மாடியில் இந்தப் பரீட்சைக்குச் சொல்லிக் கொடுக்கிறார். மாரிக்கனி வாரம் மூன்று நாள் பஸ் ஏறிப் போய் வந்தாள். பரீட்சையில் ஒரு நோயாளியைப் பற்றிக் கடிதம் எழுத வேண்டுமாம். என்ன நடந்தது, அது நடக்கும்போது யார் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தெளிவாக எழுத வேண்டும். அதற்குப் பழகுவதற்குத் தினமும் வீட்டில் நடந்ததைப் பத்து வரி இங்கிலீஷில் எழுதச் சொல்லியிருந்தார் டீச்சர். கற்பனை எழுதினால் மனதில் நிற்காது, உண்மையில் நடந்ததை எழுது என்பது அவர் சட்டம். மாரிக்கனி சாயங்காலம் அடுக்களையில் உட்கார்ந்து எழுதுவாள். ஒரு நோட்டு நிறைந்து இரண்டாவது நோட்டும் பாதி ஆகிவிட்டது. எனக்கு ஓர் எழுத்து புரியாது. ஆனால் கோடு போட்டமாதிரி இருக்கிற அந்த எழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் நானே எழுதியதுபோல இருக்கும்.

இங்கே என் மச்சான் நவநீதகிருஷ்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீனியம்மாளின் அண்ணன். இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கல்யாண வீட்டில் என் விசிட்டிங் கார்டைக் கையில் வாங்கி, "மாப்ள, ரீவைண்டிங்ங்கிறத தப்பா அடிச்சிருக்கான், நீங்க பாக்கலியா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டவர். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது என்று தெரிந்தே கேட்டார் என்றுதான் எட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை, குடும்பத்தோடு திருவண்ணாமலைக்குப் போனோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து மலைக்கோயிலைத்தான் சொல்கிறேன். மச்சான் வீட்டாரும் வந்திருந்தார்கள். கிளம்பும்போது மாரிக்கனியின் நோட்டை அவளைக் கேட்காமல் எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு மச்சானுக்குப் பதில் சொல்லிவிட வேண்டும் என்பது என் திட்டம்.

கால் வலியால் நான் மலை ஏறவில்லை. மச்சானும் ஏறவில்லை. அடிவாரத்தில் மரத்தடியில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தோம். சாமி கும்பிட்டுவிட்டு இறங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். சீனியம்மாள், மச்சான் மனைவி, என் சித்தப்பா மகன் முத்துப்பாண்டி, அவன் வீட்டுக்காரி என்று எட்டுப் பேர் ஆகிவிட்டது. மாரிக்கனியும் கௌதம்ராஜும் குழந்தையோடு இன்னும் மேலேதான் இருந்தார்கள்.

"மச்சான், கண்ணாடி கொண்டாந்திருக்கீகளா?" என்றேன்.

"இருக்கு மாப்ள. எதுக்கு?"

"ஒரு இங்கிலீஷ் இருக்கு. பிழை இருந்தா கண்டுபிடிங்க பாப்போம்."

நோட்டை வாங்கினார். சிரித்துக்கொண்டேதான் பிரித்தார். ஒரு பக்கம் படித்தார், இன்னொரு பக்கம் திருப்பினார். சிரிப்பு போய்விட்டது. நோட்டை மூடி என்னிடம் நீட்டினார்.

"பிழை ஒண்ணுமில்ல. நல்லா எழுதியிருக்கா பிள்ள."

"அம்புட்டுதானா? நாலு பேரு கேக்க வாசிங்க."

"வேண்டாம் மாப்ள. பொறவு பாத்துக்கிடலாம்."

"ஏன் மச்சான், வயிறு எரியுதோ? மூணாங்கிளாசு வீட்டுல இப்பிடி ஒரு மருமகளான்னு?"

முத்துப்பாண்டி சிரித்தான். சீனியம்மாள், "ஏங்க, அண்ணன்தான் வேண்டாங்கிறாகள்ல, விடுங்களேன்" என்றாள். நீ சும்மா இரு என்று அவளை அடக்கினேன். மச்சான் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு நோட்டைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தார்.

இங்கிலீஷ் கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. வரிக்கு வரி "வாஸ்" வந்தது, "வென்" வந்தது. இடையில் "ஃபாதர் இன் லா" என்று காதில் விழுந்தது. அந்த ஒரு வார்த்தை எனக்குத் தெரியும்.

"அண்ணே, உங்களப் பத்தில்ல எழுதியிருக்கா" என்றான் முத்துப்பாண்டி.

"பின்ன யாரப் பத்தி எழுதுவா? மச்சான், அதைத் தமிழ்ல சொல்லுங்க. எல்லாருக்கும் வெளங்கட்டும்."

"மாப்ள, நான் சொல்றதக் கேளுங்க..."

"ஒரு வரி விடாமச் சொல்லுங்க."

அவர் சொன்னார். வாத்தியார் குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார்.

"நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாமனார் தண்ணீர் கேட்டார். தண்ணீர் அவர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டில் இப்படி நடக்கிறதுதானே.

"நான் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது மாமனார் நான்கு பேருக்குக் காபி போடச் சொன்னார். திரும்பி வந்தபோது குழந்தை பசியோடு தூங்கிக்கொண்டிருந்தது."

சிரிப்பு குறைந்தது.

"நான் காய்ச்சலில் படுத்திருந்தேன். மாமனார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். சட்டை ஏன் தேய்க்கவில்லை என்று கேட்டார். நான் எழுந்து தேய்த்தேன்."

யாரும் சிரிக்கவில்லை. சீனியம்மாள் புளியோதரைத் தூக்கைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாள். அங்கேயே நிறுத்தச் சொல்லியிருக்கலாம். நிறுத்தச் சொன்னால் நான் பயந்தமாதிரி ஆகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எங்கள் அப்பா ஊரிலிருந்து மாம்பழம் கொண்டுவந்தார். மாமனார் போனில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இரண்டு நாற்காலிகள் காலியாக இருந்தன. மாமனார் அப்பாவை உட்காரச் சொல்லவில்லை. நான் அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா முக்கால் மணி நேரம் நின்றுகொண்டிருந்தார். பிறகு மாம்பழத்தைக் கீழே வைத்துவிட்டுப் போனார்."

மச்சான் நோட்டை மூடினார். அவர் கண் எனக்குப் பின்னால் போனது. திரும்பிப் பார்த்தேன். இடுப்பில் குழந்தையோடு மாரிக்கனி நின்றுகொண்டிருந்தாள். எப்போது இறங்கி வந்தாள் என்று தெரியவில்லை. கௌதம்ராஜ் கையில் துளசியை வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் குனிந்து மச்சான் கையிலிருந்து நோட்டை வாங்கிக்கொண்டாள். என்னிடம், "எல போட்டுரட்டுமா மாமா?" என்று கேட்டாள். எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாறினாள். எனக்கு வழக்கம்போல அப்பளம் இரண்டு வைத்தாள். மச்சான் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார், நான்தான் விடவில்லை.

அந்த மாம்பழ நாள் எனக்கு நினைவு இருக்கிறது. சமுத்திரம் நின்றதும் நினைவு இருக்கிறது. அவர் என்னைச் சம்பந்தி என்று கூப்பிடமாட்டார், மொதலாளி என்றுதான் கூப்பிடுவார். எனக்கும் அது பிடித்திருந்தது. நான் பதினெட்டு வயதில் கருவிப் பெட்டியோடு தோப்புக்காரர் வீட்டு வாசலில் நின்ற நிலையை, ஒரு பெஞ்சு கூடக் காட்டமாட்டார்கள் என்று, போன ஆண்டு மலரில் ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதை எழுதிய கையோடுதான் அவரை நிற்கவைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை மாரிக்கனி வகுப்புக்குப் போகவில்லை. புதன்கிழமையும் போகவில்லை. டீச்சர் போன் செய்து கேட்டார். பரீட்சைக்கு இருபது நாள்தான் இருந்தது. "அவ எழுதமாட்டாளாம். நோட்டத் தொடவே மாட்டேங்கிறா" என்று சீனியம்மாள் சொன்னாள். "உங்க வாய்க்கு ஒரு பிள்ள படிப்பு போச்சு" என்றும் சொன்னாள். முப்பத்தொன்பது வருடத்தில் அவள் என்னை அப்படிப் பேசியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை அடுக்களை வாசலுக்குப் போனேன். நான் அந்தப் பக்கம் போகிறவன் இல்லை. மாரிக்கனி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"கிளாசுக்குப் போகலியாம்மா?"

"இல்ல மாமா."

"நோட்டக் கேக்காம எடுத்தது தப்பு. அத வாசிக்க வச்சதும் தப்பு."

இந்த இரண்டு வரியைச் சொல்ல எனக்கு ஆறு நாள் ஆனது. அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"எடுத்தது கூடப் பரவாயில்ல மாமா. எங்க அப்பா நின்னது எங்க ரெண்டு பேருக்கும்தான் தெரியும். நான் பாத்தது அவருக்குத் தெரியும், அத நாங்க பேசிக்கிட்டதில்ல. இப்ப எல்லாருக்கும் தெரியும்."

எனக்கு எப்போதும் பெரிசாகத்தான் செய்யத் தோன்றும். "நாளைக்கே காரை எடுத்துக்கிட்டுப் புதுப்பட்டி போறேன். தட்டு, பழம் எல்லாம் வச்சு, ஊரு பாக்க உங்க அப்பாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாரேன்" என்றேன்.

"வேண்டாம் மாமா."

"ஏம்மா?"

"நீங்க போனா எங்க அப்பா எந்திரிச்சு நின்னுருவாரு."



"அப்ப நான் என்னதாம்மா செய்ய? நீ பரீட்ச எழுதணும்."

அவள் வெங்காயத் தோலை ஒதுக்கித் தள்ளினாள். பிறகு சொன்னாள்: "சாயங்காலம் ஆறரையில இருந்து எட்டு வரைக்கும் என்னையக் கூப்பிடாம இருங்க மாமா. நான் எழுதிக்கிட்டிருப்பேன். வேற ஒண்ணும் வேண்டாம்."

இவ்வளவுதானா என்று நினைத்தேன். முதல் நாள் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தேன். மாத்திரை, தண்ணீர், பேப்பர், மின்விசிறி என்று எட்டு மணிக்குள் அவள் பெயர் பத்துத் தடவை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் விழுங்கினேன். அந்த நோட்டு எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதில் நடந்துகொண்டிருந்தது எல்லாம் அவள் வேலை. குறுக்கே வந்து விழுந்தது எல்லாம் நான்.

இரண்டு நாள் தாங்கினேன். மூன்றாம் நாள் என்னை மீறி, "மாரிக்கனி" என்று கூப்பிட்டுவிட்டேன். வந்தாள். பேனா கையிலேயே இருந்தது. கோபமாக இருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எழுதிக்கிட்டிருந்தேன் மாமா. என்ன வேணும்?"

"ஒண்ணுமில்ல. நீ போம்மா."

மறுநாளிலிருந்து ஆறரை மணிக்கு நான் வீட்டில் இருப்பதில்லை. பட்டறையில் ஆள் போன பிறகும் உட்கார்ந்திருப்பேன், எட்டரைக்குத்தான் வீட்டுப்படி ஏறுவேன்.

மதுரையில் போய்ப் பரீட்சை எழுதினாள். தேறிவிட்டாள். எழுத்தில்தான் அதிக மதிப்பெண்ணாம். கிருபாபாய் டீச்சர் வீடு தேடி வந்து சொன்னார். சித்திரைக்குள் கிளம்பவேண்டி இருக்கும் என்று காகிதங்கள் போய்க்கொண்டிருக்கின்றன. லண்டனா, எந்த ஊர் என்று பட்டறையில் கேட்கிறார்கள். அவளைக் கேளுங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

சமுத்திரம் அதற்குப் பிறகு என் வீட்டுக்கு வரவில்லை. மகளைப் பார்க்க வேண்டும் என்றால் வத்திராயிருப்புப் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து, பஸ் ஸ்டாண்டுக்கு அவளை வரச் சொல்கிறார். போன மாதம் ஆட்டோவில் அந்த வழியாகப் போகும்போது பார்த்தேன். சிமெண்டு பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் கடலை உரித்துப் பேத்தி கையில் கொடுத்துக்கொண்டு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் என்னைத் தெரிந்தவர். "உங்க மருமகள்ல அது, நிப்பாட்டவா?" என்று கேட்டார். நிப்பாட்ட வேண்டாம் என்றேன்.