செல்வியின் நைட்டி

சாயங்காலம் நாலு மணியானால் உடம்பு கதகதக்கும். பால் கட்டியிருக்கும் என்று நானே முடிவுகட்டினேன். உளவியலில் முதுகலை முடித்தவள். எதற்கும் என்னிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். மகன் அமுதனுக்கு அப்போது ஐந்து மாதம்.

இருமல் நிற்காததால் தேனி ஆஸ்பத்திரிக்குப் போனோம். சளிப் பரிசோதனையில் (இருமி எடுத்துக் கொடுக்கும் சளியில் கிருமியைத் தேடுவது) காசநோய் என்று தெரிந்தது. கணவர் மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தார். டாக்டரம்மா என்னிடம் தெளிவாகத்தான் சொன்னார்: "ஆறு மாசம் மாத்திரை. குழந்தைக்கும் தடுப்பு மருந்து தர்றேன். மாஸ்க் போட்டுக்கிட்டு நீங்களே பால் குடுங்க. பிரிச்சு வைக்க வேண்டாம்."

சின்னமனூரில் எங்கள் வீட்டு வாசலிலேயே கணவரின் தங்கை செல்வி அமுதனைத் தூக்கிக்கொண்டு நின்றாள். "டாக்டரம்மா என்ன சொன்னாக மதினி?"

"பிள்ளைய எங்கிட்ட விடக்கூடாதாம்" என்றேன்.

எனக்குத் தூங்க வேண்டும், அவ்வளவுதான். ஐந்து மாதமாக ஒரு முழுத் தூக்கம் இல்லை. இரண்டு நாள் கழித்து உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டு நாள் மூன்று மாதமாயிற்று. மாத்திரையில் சிறுநீர் ஆரஞ்சு நிறமானது. பால் வற்றியது. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அழுவான், செல்வியின் தையல் மிஷின் நிற்கும், அழுகையும் நிற்கும். நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன்.

இத்தனைக்கும், குழந்தை எப்படி ஒருவரோடு ஒட்டிக்கொள்கிறது என்று கர்ப்பகாலத்தில் வீட்டில் வகுப்பே எடுத்தவள் நான். மாதவாரியாக எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன்.

இருமல் அடங்கி, எடை கூடியதும் அவனைத் தூக்கப் போனேன். வீறிட்டு அலறி, செல்வியின் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"ஏலே, ஒங்க ஆத்தாடா. பேயா அது?" என்று செல்வி சிரித்தாள்.

ஃபிரிட்ஜ் கதவில் எட்டாம் மாதத்துக்கு நேராக என் கையெழுத்தில் இருந்தது: 'புதியவர்களைக் கண்டால் அழும்.'

அடுத்த பரிசோதனைக்குச் செல்வியும் அவனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா சாதாரணமாகக் கேட்டார்: "மாஸ்க் போட்டுத்தான பால் குடுக்குறீங்க?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் மேசையைப் பார்த்தேன். அவன் என்னிடம் வருவதில்லை என்று மட்டும் சொன்னேன்.

"பெத்தது யாருன்னு அவனுக்குத் தெரியாதும்மா. அழுதா வர்றது யாருன்னுதான் தெரியும். இனிமே அழுதா நீங்க போங்க. நாளாகும், வருவான்."

பஸ்ஸில் அவனை மடியில் படுக்கவைத்துக்கொண்டு செல்வி சொன்னாள். "ஒங்க காத்து அவன்மேல பட்ரக் கூடாதுன்னு நாந்தான் கதவச் சாத்துவேன். உள்ள இருந்து அழுவீகளேன்னு எனக்குச் சோறு எறங்காது. நீங்க நிம்மதியாவா தூங்குனீக?"

"ஆமா" என்றேன்.

மறுநாள் மதியம் செல்வி, தான் உடுத்திக் கழற்றிய நைட்டியைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். "தொவைக்கல. இதப் போட்டுக்கிட்டுத் தூக்குங்க. வாசம் தெரியும்."

அமுதன் என் தோளில் மூக்கை வைத்தான். தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தான். மறுபடி மூக்கை வைத்தான். அப்படியே தூங்கினான். மூன்று மாதம் நான் திருடிய தூக்கத்துக்குப் பிறகு, இன்னொருத்தியின் வாசத்தில் கிடைத்த தூக்கம் அது.

நீங்களும் மடியில் பிள்ளையோடு இதே மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தால், டாக்டர் அறைக்குள் வீட்டு ஆள் ஒருவரையும் கூட்டிப் போங்கள். உடம்பு தாங்கவில்லை என்றால் அதையே சொல்லுங்கள். டாக்டர் சொன்னதாகச் சொல்லாதீர்கள். என் கணவருக்கு இன்னும் உண்மை தெரியாது. செல்வி சொல்லவில்லை. நானும்தான்.

சிகிச்சை முடிந்து எடுத்த எக்ஸ்ரேயில் வலது நுரையீரலில் ஒரு தழும்பு. அது அப்படியே இருக்கும், ஒன்றும் செய்யாது என்றார் டாக்டரம்மா.

அமுதன் இப்போது நடக்கிறான், விழுகிறான். விழுந்ததும் முதலில் செல்வியைத்தான் தேடுகிறான். அவள் வேண்டுமென்றே மிஷினை விட்டு எழாமல் இருப்பாள். பிறகுதான் என் பக்கம் திரும்புவான். ஒரு மூச்சு நேரம்தான். நான் கூப்பிடுவதில்லை. கையை நீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.