பட்டாபிராமில் பூட்டிய லேப், சேக்காட்டில் ஓடிய மெஷின்கள்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் ஐயப்பன்தாங்கலிலிருந்து பட்டாபிராமுக்குப் போய் வந்தேன். ஒரு பக்கம் இருபத்தோரு கிலோமீட்டர். இதற்கெல்லாம் பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள், பண்டிகைக்கு முந்தின காலையில் பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் பேசட்டும். கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுதினால் அடங்குமா பார்ப்போம். என்னைப்போல் கல்லூரி கல்லூரியாகப் போய் கணினிப் பயிற்சி நடத்துகிறவர்களுக்கு வழியும் தெரியும், எச்சரிக்கையும் கிடைக்கும்.

போன காரணம் இதுதான். பட்டாபிராம் தாண்டி ஒரு தனியார் கல்லூரி. அங்கே கடைசி ஆண்டு படிக்கும் இருபத்து நான்கு பேருக்கு, பூஜை விடுமுறை முடிந்ததும் அம்பத்தூரில் ஒரு நிறுவனத்தில் செய்முறைத் தேர்வு. ஆளுக்கொரு பழுதான சர்வரைக் கொடுப்பார்கள், சரிசெய்து காட்ட வேண்டும். அதற்கு ஒரு நாள் கைப்பயிற்சி கொடுங்கள் என்று என்னைக் கூப்பிட்டார்கள். தேதி குறித்ததும் கல்லூரிதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சிக்கு கிளவுட் மெஷின்களை ஏற்பாடு செய்திருந்தேன். மும்பையில் எங்கோ ஒரு கட்டடத்தில் ஓடும் பெரிய கணினியில் ஒரு துண்டை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பது, அவ்வளவுதான். நம் கையில் ஒரு பிரவுசர் இருந்தால் போதும். ஒரு மெஷினைப் பார்த்துப் பார்த்துத் தயாரித்தேன். டிஸ்க்கை வேண்டுமென்றே நிரப்பி, ஓர் அமைப்புக் கோப்பைத் தப்பாக எழுதி, தேர்வில் வரக்கூடிய கோளாறுகளையெல்லாம் உள்ளே வைத்தேன். பிறகு அதை ஓர் அச்சாகச் சேமித்து, அதிலிருந்து இருபத்து நான்கு மெஷின்களை வார்த்தெடுத்தேன். புதுக் கணக்குக்கு இத்தனை மெஷின்தான் என்று வரம்பு இருக்கும், அதை உயர்த்தச் சொல்லி எழுதிக் காத்திருக்க வேண்டும். மேற்பார்வைக்கு வேண்டும் என்று கல்லூரி கேட்டதால் லேப் பொறுப்பாளர் தியாகராஜனுக்கும் முழு அனுமதி கொடுத்திருந்தேன்.

காலை ஆறே முக்காலுக்குக் கிளம்பினேன். ஐயப்பன்தாங்கல் டிப்போவிலிருந்து பூந்தமல்லிக்கு சாதாரணப் பேருந்து, பெண்களுக்குக் காசில்லை. மெட்ரோ தூண்களுக்கு அடியில் நகர்ந்து நகர்ந்து போக நாற்பது நிமிடம். பூந்தமல்லி நிலையம் முழுக்க வாழைக்கன்று, பூசணிக்காய், பொரி மூட்டை. ஆவடி வண்டியில் எனக்குப் பக்கத்தில் ஒரு பூசணிக்காய் சீட்டு பிடித்து உட்கார்ந்து வந்தது, நான் நின்றுகொண்டு வந்தேன்.

ஆவடியில் இறங்கினால் பட்டாபிராமுக்கு மின்சார ரயில் உண்டு, ஐந்து ரூபாய். எனக்கு ஒன்று கண்ணெதிரே போய்விட்டது. ஷேர் ஆட்டோ பிடித்தேன், இருபது ரூபாய். ஓட்டுநர் ஒரு பக்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஆள் சேர்த்தார்.

"வண்டிக்கு இன்னிக்கே பூஜையா?" என்று கேட்டேன்.

"இன்னாக்கா நீ, நாளைக்குத்தான். இன்னிக்கு ஓட்னாத்தான நாளைக்கு மாலை வாங்க முடியும்?"

அவருக்குத் தெரிந்த இந்தக் கணக்கு, கல்லூரியில் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். லேப் வாசலில் வாழைக்கன்று, உடைத்த பூசணிக்காய், கதவில் பெரிய பூட்டு, பூட்டுக்கும் ஒரு குங்குமப் பொட்டு. இருபத்து நான்கு பேரும் வராந்தாவில் நின்றார்கள்.

"நேத்து சாயங்காலமே பூஜை போட்டாச்சு மேடம்" என்றார் தியாகராஜன். "கரஸ்பாண்டன்ட் ஊருக்குக் கிளம்புறார், அதான் முன்னாடியே. இனிமே விஜயதசமிக்குத்தான் திறக்கணும்."

"இன்னிக்குப் பயிற்சின்னு தேதி கொடுத்ததே நீங்கதானே சார்?"

"பயிற்சி வேணாம்னு யார் சொன்னா? செமினார் ஹால் ரெடியா இருக்கு, தியரி எடுங்க."

நீச்சல் கற்றுக்கொடுக்க வந்தவளைக் கரும்பலகையில் குளம் வரையச் சொன்னால் எப்படி இருக்கும்? பல்லைக் கடித்துக்கொண்டேன். சரி, பூட்டியது இந்த அறையைத்தானே, மெஷின்கள் மும்பையில் ஓடுகின்றன, பிள்ளைகளின் போனிலேயே திறக்கலாம் என்று என் லேப்டாப்பை விரித்துக் கணக்கைத் திறந்தேன். காலி. இருபத்து நான்கில் ஒன்றுகூட இல்லை.

தியாகராஜன் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் குற்ற உணர்ச்சி மருந்துக்கும் கிடையாது.

"அதுவா மேடம்? பூஜை போட்டப்புறம் எந்த மெஷினும் ஓடக் கூடாதுன்னு கரஸ்பாண்டன்ட் கண்டிஷனா சொல்லிட்டார். உங்களுதையும் ஸ்டாப் பண்ணேன். அப்பவும் லிஸ்ட்ல நின்னுக்கிட்டே இருந்துச்சு. மனசுக்கு ஒரு மாதிரி இருந்துச்சா, டெலிட் பண்ணிட்டேன். கிளவுட்தானே, புதுசா போட்டுக்கலாமே?"

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இந்தப் பூசாரி மும்பை வரைக்கும் கையை நீட்டியிருக்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு சால்வையைப் போர்த்தி, பூட்டிய கதவுக்கு முன்னால் நிற்க வைத்துப் படமும் எடுத்துவிட்டார்கள். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். வரிசையாகக் கணினிகள், ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். விசைப்பலகைகளின் மேல் வாங்கியபோது வந்த பிளாஸ்டிக் உறை அப்படியே இருந்தது.

"எப்பதான் திறப்பாங்க?" என்று பக்கத்தில் நின்ற பெண்ணைக் கேட்டேன். பெயர் பவித்ரா. அப்பா பாதுகாப்புத் தொழிற்சாலை ஊழியர், குவார்ட்டர்ஸில் வீடு.

"இன்ஸ்பெக்ஷன் வந்தா திறப்பாங்க மேம். நாங்க ஆளுக்கு அஞ்சு நிமிஷம் உக்காருவோம், எதையும் தொடாதீங்கன்னு சொல்லுவாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "இதுக்கு முன்னாடி ரெண்டு கம்பெனி போனேன் மேம். எழுத்துத் தேர்வுல பாஸ். செய்முறைல கமாண்ட் அடிக்கிற அந்தக் கறுப்புத் திரை வந்ததும் கை உதறிடுச்சு. எதையாவது அமுக்கிக் கெடுத்துடுவேனோன்னு அப்படியே உக்காந்திருந்தேன். இதுவும் போச்சுன்னா வீட்ல கல்யாணப் பேச்சுதான்."

அதற்குமேல் அந்த வராந்தாவில் நிற்க எனக்குப் பொறுக்கவில்லை. தியாகராஜன் என் அச்சை விட்டுவைத்திருந்தார். அது என்னவென்று தெரியாததால் தப்பித்தது. முதல் வேலையாக அவருடைய அனுமதியைப் பார்வையிட மட்டும் என்று குறைத்தேன். சேக்காட்டில் ஒரு பிரவுசிங் சென்டர் இருக்கிறது என்று பவித்ரா சொன்னாள். மூன்று ஷேர் ஆட்டோக்களில் அடைந்துகொண்டு போனோம்.

சென்டர் உரிமையாளர் மோகன் வாசலிலேயே மறித்தார். "இன்னாக்கா, கல்யாண கோஷ்டி மாறி வந்துகினு கீறீங்க? எட்டு சிஸ்டம்தான் கீது."

"போதும் அண்ணா. மாத்தி மாத்தி உக்காருவாங்க, மீதிப் பேர் போன்ல பார்த்துப்பாங்க. பூஜை போட்டுட்டீங்களா?"

"சாய்ங்காலம் ஆறு மணிக்கு. இப்பவே போட்டா ஆதார் பிரின்ட்டுக்கு வர்றவனுக்கு இன்னா பதில் சொல்றது?"

மணிக்கு முப்பது ரூபாய், ஒரு பைசா குறைக்கவில்லை. "பண்டிகை டைம்க்கா" என்றார். அவர் மேலும் எரிச்சல்தான், ஆனால் கதவு திறந்திருந்தது.

அச்சிலிருந்து மெஷின்களை மறுபடி வார்க்க இருபது நிமிடம் ஆனது. பத்தே முக்காலுக்குப் பயிற்சி ஆரம்பம். பவித்ரா திரையைப் பார்த்தபடி கையை மடியில் வைத்துக்கொண்டாள். "உடைச்சிடுவேன் மேம்" என்றாள்.

"உடை. அதுக்குத்தான் வாடகைக்கு எடுத்திருக்கேன். ரெண்டு நிமிஷத்துல இன்னொண்ணு தர்றேன்."

உடைத்தாள். மெஷின் எழவே இல்லை. புதிது கொடுத்தேன், அதையும் உடைத்தாள். மூன்றாவதும் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து நான்காவதைச் சரிசெய்துவிட்டு, பிறகு தானாகவே வேண்டுமென்று கெடுத்து மறுபடி சரிசெய்ய ஆரம்பித்தாள். எனக்குச் சந்தோஷத்தைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. நான்கு வருடக் கட்டணம் கட்டிய பெண்ணுக்கு ஒரு மெஷினைக் கெடுத்துப் பார்க்கும் உரிமை சேக்காட்டு ஜெராக்ஸ் கடையில்தானா கிடைக்க வேண்டும்?

ஆறு மணிக்கு மோகன் எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லிவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். அவருடைய விசைப்பலகைகளில் பாதி எழுத்துகள் தேய்ந்து போயிருந்தன. பொட்டு வைத்துக்கொண்டே, "உங்க மும்பை மெஷினுக்கு எங்கக்கா வெக்கிறது?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பொரியும் சுண்டலும் கொடுத்தார், அதற்குக் காசு வாங்கவில்லை.

திரும்பும்போது ஆவடியில் பூந்தமல்லி வண்டிக்கு ஐம்பது நிமிடம் நின்றேன். போகிறவர்கள் மாலை ஐந்துக்கு முன் கிளம்பிவிடுங்கள். பயிற்சி நடத்துகிறவர்களுக்கு: எவர் கேட்டாலும் முழு அனுமதி கொடுக்காதீர்கள். அச்சின் நகல் ஒன்றைத் தனியாக வைத்திருங்கள். தேதி கேட்கும்போதே பூஜை என்றைக்கு என்றும் கேட்டுவிடுங்கள், சிரிக்காமல் கேளுங்கள்.

பேருந்தில் உட்கார்ந்ததும் தியாகராஜனிடமிருந்து செய்தி. பூட்டிய கதவுக்கு முன்னால் சால்வையோடு நான், கீழே "கிளவுட் பயிற்சி இனிதே நிறைவுற்றது". அடுத்த செய்தி: "மேடம், லிஸ்ட்ல மறுபடி 24 மெஷின் ஓடுது. பூஜை முடியற வரைக்கும் தயவுசெய்து நிறுத்தவும்."

இருபத்து மூன்றை நிறுத்தினேன். பவித்ராவுடையதை நிறுத்தவில்லை. தேர்வு வரைக்கும் உன் இஷ்டத்துக்கு உடை என்று அவளுக்கு எழுதினேன். விடுமுறையில் ஒவ்வொரு நாளும் போன் வழியாக உள்ளே போயிருக்கிறாள், கணக்கில் தெரிந்தது.

கல்லூரி லேப் விஜயதசமிக்குத் திறந்து, தேங்காய் உடைத்து, மறுபடி பூட்டப்பட்டதாகக் கேள்வி. தேர்வு முடிவு இன்னும் வரவில்லை. தேர்வன்று மதியம் பவித்ராவிடமிருந்து வந்த செய்தி மட்டும் இருக்கிறது: "கறுப்புத் திரைதான் மேம் வந்துச்சு. கை உதறல."