ஒரு செட்டா, தனித்தனியா?

சுங்க அலுவலகத்தில் அவருடைய உண்மையான பெயரைச் சொல்லி விசாரித்தால் வாசல் காவலாளிகூட உதட்டைப் பிதுக்குவார். ‘ஆகிடும்’ எங்கே என்று கேட்டால் போதும், ஆளுக்கொரு பக்கம் கை காட்டுவார்கள். கப்பலில் வந்திறங்கிய சரக்கை மேசை மேசையாக நடத்திக் கூட்டிவந்து உரியவரிடம் சேர்க்கும் கிளியரிங் ஏஜெண்ட் அவர். எந்த வியாபாரி போன் செய்து “என்னண்ணே, நம்ம சரக்கு என்னாச்சு?” என்று கேட்டாலும் அவர் வாயிலிருந்து முதலில் விழும் சொல் “ஆகிடும்” என்பதுதான். பெரும்பாலும் ஆகியும்விடும்.

பெரிய சாமர்த்தியசாலி என்று அவரைச் சொல்ல முடியாது. கோபப்படத் தெரியாது, அவ்வளவுதான். “நாளைக்கு வாங்க” என்று அதிகாரி சொன்னால், பெண் பார்க்கக் கூப்பிட்டதுபோல மறுநாள் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்து நிற்பார். நின்று நின்று கால் வீங்கும். முகம் மட்டும் வாடாது. அப்பா போன பிறகு தங்கையைப் படிக்க வைத்து, கட்டிக்கொடுத்து, அந்தக் களைப்பில் தனக்கென்று ஒரு கல்யாணம் செய்துகொள்ள மறந்துபோனவர். ஜெராக்ஸ் கடை மாடியில் ஆபீஸாக ஒரு அறை, அதற்குப் பின்னால் படுக்க இன்னொரு அறை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தங்கை வீட்டுச் சாப்பாடு. இதுதான் அவர் உலகம்.

தங்கையின் கணவர் ஒரு பேருந்து கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவர். கம்பெனியை இழுத்து மூடியபோது கையில் கொடுத்த பணத்தை வைத்து, வேன்களுக்கு உதிரி பாகம் விற்கும் சின்னக் கடை போட்டார். கொஞ்ச நாள் உள்ளூர் மொத்த வியாபாரியிடம் வாங்கி விற்றார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவும்போது மெல்ல ஆரம்பித்தார்.

“மச்சான், கிளட்ச் செட்டை நேரா வெளிநாட்டிலேருந்தே இறக்கினா என்ன? இடையில இருக்கறவன் திங்கறது நமக்கு மிஞ்சும்ல?”

“மிஞ்சும் மாப்ள. ஆனா முதல் தடவை கொஞ்சம் அலைச்சல் இருக்கும்.”

“அலையறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே” என்று தங்கை சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். மூன்று பேரும் சிரித்தார்கள். அவருக்கு உள்ளுக்குள் பூரிப்பு. ஊரார் சரக்கையெல்லாம் ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தவர், முதல் முறையாக வீட்டுச் சரக்கை எடுக்கப் போகிறார்.

கிளட்ச் செட் என்பது இதுதான்: ஒரு கிளட்ச் பிளேட், அதை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், ஒரு பேரிங், பூசுவதற்கு விரல் நீளத்தில் ஒரு கிரீஸ் டியூப். வண்டியில் ஒன்று தேய்ந்தால் மற்றதும் தேய்ந்திருக்கும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு விற்பார்கள். மாப்பிள்ளை சிக்கனக்காரர். படம் போட்ட பளபள பெட்டி எதற்கு, வாங்குகிறவன் பெட்டியையா வண்டியில் மாட்டப் போகிறான் என்று, அச்சு எதுவும் இல்லாத பழுப்பு அட்டைப் பெட்டியில் அனுப்பச் சொன்னார். எந்த வேனுக்கு எது என்று தெரிய, பெட்டியின் மேல் ஒரு சீட்டு மட்டும் ஒட்டியிருந்தது. விலையும் குறைந்தது. வினையும் அங்கேதான் புகுந்தது.

சரக்கு வந்திறங்கியதும் முதலில் பார்த்த அதிகாரி, நம் ஆளுக்குப் பழக்கமானவர். ஒரு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “கிளட்ச் செட்தானே? வண்டி பாகம்னு ஒரே தலைப்புல போட்டுடலாம்” என்றார். வரி அட்டவணை ஒரு தடித்த புத்தகம். உலகத்தில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் அதில் ஒரு தலைப்பு உண்டு. எந்தத் தலைப்போ அந்த வரி. தலைப்பு முடிவானால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். ஆனால் அவர் கையெழுத்துப் போடுவதற்குள் மாற்றல் உத்தரவு வந்தது. பிரிவுபசாரத்துக்கு மாலை வாங்கி வந்தவரே நம் ஆகிடும்தான்.

அந்த நாற்காலிக்கு வந்தவர் இளம் வயதுப் பெண் அதிகாரி. எரிந்து விழமாட்டார், காக்க வைக்கமாட்டார். வந்த அன்றே பெட்டியை மேசைக்குக் கொண்டுவரச் சொல்லி, உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தார்.

“இது ஒரு செட்டா, தனித்தனிப் பொருளா சார்?”

“செட்தான் மேடம். சேர்த்துத்தான் விப்பாங்க.”

“விப்பாங்க, சரி. ஆனா கடைல அப்படியே எடுத்துக் கொடுக்கற மாதிரி பேக் பண்ணியிருந்தாத்தான் செட்டுன்னு எடுத்துக்க முடியும். இதுல கம்பெனி பேர் இல்ல, படம் இல்ல. அனுப்ற வசதிக்காக ஒண்ணாப் போட்ட மாதிரி இருக்கு. அப்படின்னா பேரிங்குக்குத் தனித் தலைப்பு, கிரீஸுக்குத் தனித் தலைப்பு.”

“போன சார் ஒத்துக்கிட்டாரே மேடம்...”

“அவர் வாயால ஒத்துக்கிட்டார். நான் கையால போடணும். நாளைக்கு ஆடிட்ல வந்து ஏன் போட்டேன்னு கேட்டா, நீங்களா வந்து பதில் சொல்வீங்க?”

அந்தப் பெண் சொன்னதில் தவறு இல்லை. படம் போட்ட பெட்டியில் வந்திருந்தால் இந்தப் பேச்சே எழுந்திருக்காது என்பது மட்டும் மண்டையைக் குடைந்தது. மாப்பிள்ளையிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. “சின்ன சந்தேகம் கேட்டிருக்காங்க. ஆகிடும்” என்றார்.

ஆகவில்லை. கேள்வி மேலதிகாரிக்குப் போனது. பேரிங்குக்குத் தனித் தலைப்புதான் என்று அங்கே முடித்துவிட்டார்கள், கிரீஸில் மாட்டிக்கொண்டார்கள். அது பெட்ரோலிய எண்ணெய்யில் செய்ததா, வேறு எதிலாவது செய்ததா? அதைப் பொறுத்துத் தலைப்பு மாறும். கொட்டினால் உள்ளங்கைகூட நிறையாத அந்தக் கிரீஸை ஒரு உறைக்குள் போட்டு, அரக்கு வைத்து, பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள்.

பரிசோதனைக் கூடத்தில் இயந்திரம் பழுது. ரிப்பேருக்கு ஆள் வர வேண்டும். போன் செய்தால் ஒரு பெரியவர் எடுப்பார். “மிஷின் சரியானா முதல்ல உங்களதுதான் சார்” என்று ஒவ்வொரு தடவையும் அதே கனிவோடு சொல்வார். மனிதர் எரிந்து விழுந்திருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். இவ்வளவு நல்லவர்களில் யாரோடு போய்ச் சண்டை போடுவது?

கிடங்கு வாடகை ஏறிக்கொண்டே போயிற்று. மாப்பிள்ளையின் கடையில் அலமாரித் தட்டுகள் காலியாயின. வேன் டிரைவர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “சரக்கு வந்ததும் சொல்லுங்கண்ணே” என்று எதிர்க் கடைக்குள் நுழைந்தார்கள். சிலர் எட்டிப் பார்ப்பதையும் விட்டார்கள். தங்கை முதலில் வாரத்துக்கொரு தடவை போன் செய்தாள், பிறகு தினமும்.

“அண்ணா, அவர் சரியாத் தூங்கறதில்ல. கடையைத் திறந்து வெச்சுட்டு ரோட்டையே பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கார். நீங்க அந்த ஆபீஸ்ல இத்தனை வருஷம் இருக்கீங்க. யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சொல்லிக்கிட்டுதாம்மா இருக்கேன்.”

“எங்க சரக்குன்னு சொன்னீங்களா?”

சொல்லவில்லை. சொந்தக்காரன் சரக்கு என்று தெரிந்தால் வேண்டாத சந்தேகம் வரும் என்று அவர் அதை வெளியே விடவே இல்லை. மற்ற வியாபாரிகளின் சரக்குக்கு நிற்பதுபோலவே இதற்கும் நின்றார். அன்று போனை வைத்த பிறகு, அது நியாயமா, கோழைத்தனமா என்று அவருக்கே விளங்கவில்லை.

ஒரு வழியாக அறிக்கை வந்தது. உத்தரவும் வந்தது: பொருள்கள் செட் ஆகா, தனித்தனியாகப் பிரித்து, எடையிட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய தலைப்பில் வரி விதிக்க வேண்டும். வரி பயந்த அளவுக்கு ஏறவில்லை. கடைசியில் இவ்வளவுதானா என்று அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது. மாப்பிள்ளைக்கு உடனே போன் போட்டுச் சொன்னார்.

மறுநாள் கிடங்குக்குப் போனார். தகரக் கூரையின் கீழ் வெக்கை அடித்தது. மேடமும் வந்திருந்தார். “மேடம், ஒரு சின்ன வேண்டுகோள். ஒவ்வொரு பெட்டியா திறந்து எடை பார்த்துட்டு, அதே பெட்டியில திருப்பி வெச்சுடச் சொல்லுங்க. வெவ்வேற வேனுக்கு வெவ்வேற அளவு. கலந்துட்டா கஷ்டம்.”

“தாராளமா சார். அப்படியே செய்யுங்கப்பா” என்று அவர் கூலியாட்களைப் பார்த்துச் சொன்னார். நாலைந்து பெட்டிகள் அப்படியே நடந்தன. அதற்குள் மேடத்துக்கு அலுவலகத்திலிருந்து அவசர அழைப்பு. “பார்த்துச் செய்யுங்க” என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார்.

மேஸ்திரி கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த கன்டெய்னர் வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. “இப்படி ஒண்ணொண்ணா பூ தொடுத்துக்கிட்டிருந்தா நாளைக்கும் முடியாது. கிழிச்சுக் கொட்டுங்கப்பா. பிளேட் ஒரு பக்கம், பேரிங் ஒரு பக்கம்!”

“ஐயா, மேடம் சொன்னாங்களே!”

“மேடம் சொன்னாங்க சார். பேப்பர்ல என்ன போட்டிருக்கு? நீங்களே படிங்க.” உத்தரவை நீட்டினார். தனித்தனியாகப் பிரித்து என்றுதான் இருந்தது. திருப்பி வைக்கச் சொல்லி அதில் ஒரு எழுத்து இல்லை.

நம் ஆள் மேடத்துக்குப் போன் அடித்தார். கூட்டத்தில் இருந்தார் போலும், எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தார். அட்டை கிழியும் சத்தம் கிடங்கு முழுக்க எதிரொலித்தது. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய பிளேட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பேரிங்குகள் சிமெண்ட் தரையில் உருண்டு ஓட, ஒருவன் காலால் தடுத்துக் குவியலில் சேர்த்தான். சீட்டு ஒட்டிய பெட்டிகள் கசங்கி மூலைக்குப் போயின.

கோபப்படத் தெரியாத மனிதர் அன்றுதான் கத்தினார். மீதமிருந்த அடுக்கின் முன்னால் போய்க் கைகளை விரித்துக்கொண்டு நின்றார். “தொடாதீங்க! இது என் தங்கச்சி வீட்டுச் சாமான். அவங்க சோறே இதுலதான் இருக்கு!”

மேஸ்திரி நல்ல மனிதர்தான். அருகில் வந்து அவர் தோளில் கை வைத்தார். “அதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே? பாதிக்கு மேல கொட்டியாச்சே. இப்ப நிறுத்தினா உங்களுக்கும் சரக்கு வராது, எனக்கும் வேலை போயிடும். தள்ளுங்கண்ணே.”

அவர் தள்ளி நின்றார். வேறென்ன செய்வார்? ஒரு பெட்டியை மட்டும் எப்படியோ அணைத்துப் பிடித்திருந்தார். அதையும் எடைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

சரக்கு சாக்குகளில் கட்டிக் கடைக்கு வந்தபோது மாப்பிள்ளை முதல் சாக்கை அவிழ்த்தார். இரண்டாவதை அவிழ்த்தார். மூன்றாவதை அவிழ்க்கவில்லை. ஒரு பிளேட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல் எண்ணிக்கையில் ஒரு வித்தியாசம், விட்டத்தில் நகக்கண் அளவு வித்தியாசம். பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். பாகங்களின் மேல் தயாரித்தவனின் முத்திரை இருந்ததே தவிர எந்த வேனுக்கு என்று இல்லை.

“யாரு மச்சான் இப்படிப் பண்ணது?”

அவர் யோசித்தார். மேடம் சட்டப்படி நடந்தார். பரிசோதனைக் கூடத்துப் பெரியவர் மரியாதையாகப் பேசினார். மேஸ்திரி உத்தரவில் இருந்ததைச் செய்தார். பழுப்புப் பெட்டி கேட்டவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். யாரைச் சொல்வது? “தெரியல மாப்ள” என்றார். பொய் சொல்லவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

மேடத்திடம் போய் முறையிட்டார். அவர் முகம் கறுத்துவிட்டது. “நான் சொல்லிட்டுத்தானே சார் வந்தேன்?” என்று ஒன்றிரண்டு முறை சொன்னார். இழப்பீட்டுக்கு மனு எழுதச் சொன்னார், தானே உட்கார்ந்து திருத்தியும் கொடுத்தார். மனு போனது. பொருள்கள் எண்ணிக்கை குறையாமல் ஒப்படைக்கப்பட்டன, ஆகவே இழப்பு ஏதும் இல்லை என்று பதில் வந்தது.

பல ஞாயிற்றுக்கிழமைகள் மச்சானும் மாப்பிள்ளையும் கடைத் தரையில் உட்கார்ந்து ஜோடி சேர்த்தார்கள். மாப்பிள்ளை அளவுகோலால் அளந்து சொல்ல, அவர் அடுக்கினார். ஆயுள் முழுக்க ஊர் சரக்குக்கெல்லாம் தலைப்புத் தேடியவருக்கு எது எதற்குள் நுழையும் என்று தெரியவில்லை. தப்பாக அடுக்கி மாப்பிள்ளையிடம் திட்டு வாங்கினார். சேர்ந்ததில் கொஞ்சம் விற்றது. விற்றதிலும் சில திரும்பி வந்தன. வண்டியில் மாட்டிய பிறகு பேரிங் இரைகிறது என்று டிரைவர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒரு தடவை வந்தவன் மறுபடி வரவில்லை. கடைசியில் மிச்சத்தைப் பழைய இரும்புக்காரர் எடை போட்டு எடுத்துப் போனார். மாப்பிள்ளை கடைச் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் லாரி ஓட்டப் போனார்.

தங்கை அண்ணனை ஒரு சொல் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு வழக்கம்போலக் கூப்பிட்டாள். இரண்டு மூன்று வாரம் வேலை இருக்கிறது என்று சாக்குச் சொன்னார்; பிறகு அவளும் வற்புறுத்தவில்லை.

ஒரு நாள் காலையில் சுங்க அலுவலகத்துக்குப் போகும் சாலையில், பேருந்து வராததால் அவர் நடந்துகொண்டிருந்தார். பின்னால் ஒரு லாரி வந்து உரசுவதுபோல் நின்றது. ஜன்னலிலிருந்து மாப்பிள்ளை தலையை நீட்டினார்.

“ஏறுங்க மச்சான்.”

“பரவால்ல மாப்ள, பக்கம்தான்.”

“ஏறுங்கன்னா ஏறுங்க. பின்னாடி வண்டி நிக்குது.”

ஏறினார். தொட்டியில் தண்ணீர் தளும்பும் சத்தம் முதுகுப் பக்கம் கேட்டது. லாரி கொஞ்ச தூரம் போனது. பிறகு மாப்பிள்ளை, தங்கைக்கு முட்டி வலி கூடிவிட்டது, மாடிப்படி ஏறச் சிரமப்படுகிறாள் என்றார். நல்ல டாக்டர் ஒருவரைத் தெரியும் என்று இவர் சொன்னார். சாலையைப் பார்த்தபடியே மாப்பிள்ளை தலையாட்டினார்.

அலுவலக வாசலில் நிறுத்தியதும், இறங்குவதற்கு முன் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“இறங்குங்க மச்சான்” என்றார் மாப்பிள்ளை, கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே. “தெருவுல தண்ணிக்குக் காத்துக்கிட்டிருப்பாங்க.”