மகளுக்கும் அதே மூக்கு

அந்த ஊசியை, கேட்டார்கள் என்பதற்காகப் போட்டுக்கொண்டேனா, எனக்கே ஆசை இருந்ததால் போட்டுக்கொண்டேனா? ஒரு வருடத்துக்கு மேலாகிவிட்டது. பாத்திரம் கழுவும்போது ஒரு பதில் வருகிறது. பஸ்ஸுக்கு நிற்கும்போது மற்றப் பதில் வருகிறது. இரண்டும் உண்மை போலத்தான் இருக்கின்றன. இரண்டில் எதையும் என் மகளிடம் சொல்ல முடியவில்லை.

இத்தாலியின் பலெர்மோ நகரில் ஒரு பெண் மருத்துவரின் நிலையத்தில் நான் துப்புரவு வேலை செய்கிறேன். முகத்தை அழகாக்கும் சிகிச்சை அங்கே நடக்கிறது. கத்தி வைப்பதில்லை, எல்லாம் ஊசிதான். சுருக்கத்துக்கு ஊசி, உதட்டுக்கு ஊசி, கண்ணுக்குக் கீழே விழுந்த பள்ளத்துக்கு ஊசி. அவரைத் தொத்தொரேஸா என்று கூப்பிடுவேன். இங்கே பெண் மருத்துவர்களை அப்படித்தான் அழைப்பார்கள். நல்ல மனுசி. மகள் பிறந்தபோது தொட்டில் வாங்கித் தந்தவர். பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும் காலம் வந்தால் நான் நினைவூட்ட முதலே வேலைக் கடிதத்தை எழுதி வைத்திருப்பவர். அவரைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. இப்படியான ஒருவர் ஒன்று கேட்கும்போது ‘இல்லை’ என்று சொல்ல எனக்கு வாய் வராது என்பதற்காகச் சொல்கிறேன்.

அவர் கேட்ட நேரம் நான் தரை துடைத்துக்கொண்டிருந்தேன். இந்த நகரத்தில் இப்போது சீனர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் உங்கள் ஆட்களும் சிகிச்சைக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள், ஆசிய முகங்களுக்கு எப்படிச் செய்வதென்று இளம் மருத்துவர்களுக்கு ஒரு நாள் வகுப்பு வைக்கப்போகிறேன், அதற்கு ஒரு முகம் தேவை என்றார். தலையைச் சரித்து என்னைப் பார்த்தார். மூக்குத் தண்டைக் கொஞ்சம் உயர்த்தினால் முகமே மாறிவிடும், ஃபில்லர் என்ற மருந்து, தோலுக்கடியில் போய் நிற்கும், ஒரு வருடத்தில் தானாகக் கரைந்துவிடும் என்றார்.

என் மூக்கு, தண்டு தாழ்ந்து நுனி அகன்றது. எனக்குக் கல்யாணம் பேசிய காலத்தில் ‘பிள்ளை நல்ல வடிவு, மூக்குத்தான் கொஞ்சம்’ என்று சொல்லி நிறுத்துவார்கள். மகள் பிறந்து, வட்ஸ்அப்பில் அவளைக் காட்டியபோது என் கணவரின் அக்கா உற்றுப் பார்த்துவிட்டு, “மூக்குத் தாயின்ரை. பரவாயில்லை, வளர வளர எடுபடும்” என்றா. நான் சிரித்தேன். அன்றிலிருந்து வீட்டுக்கு வருபவர்கள் எல்லோரும் அவள் மூக்கைத் தொட்டு, இது அம்மாவின் மூக்கு என்று சொல்வார்கள். அவளுக்கு அதில் பெருமை. யாராவது சொல்ல மறந்தால் தானே சொல்லுவாள்.

கணவர் வியா மக்வேதா தெருவில் ஒரு உணவகத்தின் சமையலறையில் நிற்கிறார். அவரிடம் கேட்டேன். “உமக்கு விருப்பமெண்டால் செய்யும். எனக்கு உம்மடை மூக்கிலை ஒரு பிரச்சினையுமில்லை” என்றார். முதல் வசனம் மட்டும்தான் எனக்குக் கேட்டது.

வகுப்பு நடந்தது ஒரு சனிக்கிழமை. திரையில் காட்டிய படங்களில் இருந்தவர்கள் எல்லோரும் சீன, கொரியப் பெண்கள். எனக்கும் அவர்களுக்கும் இருந்த ஒற்றுமை நாங்கள் இத்தாலியர்கள் இல்லை என்பது மட்டும்தான். ஒரு இளம் மருத்துவர் தயங்கியபடி, இவர் இந்தியர் அல்லவா என்று கேட்டார். ஆசியா பெரிய இடம் என்றார் தொத்தொரேஸா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இலங்கை என்று திருத்தவுமில்லை. குறிக்கிற ஊதாப் பேனை என் தோலில் சரியாகத் தெரியவில்லை என்று, ஒரு பெண் மருத்துவர் தன் கைப்பையிலிருந்து வெள்ளைக் கண்மைப் பென்சிலை எடுத்துக் கொடுத்தார்.

தொத்தொரேஸாவின் ஊசி நுழைந்தபோது நோகிறதா என்று கேட்டார்கள். நொந்தது. சுடுகம்பியை இழுத்தது போல ஒரு வலி புருவ நடுவிலிருந்து கண்ணுக்குள் போனது. நான் “தூத்தோ பேனே” என்றேன். எல்லாம் நலம். சிஞ்ஞோராமார் எனப்படும் எசமானிகளின் வீடுகளில் வேலைக்குப் போகிறவர்கள் முதலில் பழகுகிற இத்தாலியன் அதுதான். இடுப்பு முறிந்தாலும் அதுதான், பிள்ளைக்குக் காய்ச்சலென்றாலும் அதுதான். மூக்கு நுனியில் இரத்தம் வற்றியது. வெள்ளைத் தோலாக இருந்திருந்தால் உடனே வெளிறித் தெரிந்திருக்கும். என் தோலில் அது இலேசான சாம்பல் நிறமாகத்தான் இருந்திருக்கும். யாரும் கவனிக்கவில்லை. கை தட்டினார்கள், படம் எடுத்தார்கள்.

கண்ணாடியைத் தந்தார்கள். வடிவாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த எழுத்தே பொய்யாகிவிடும். சீசா என்ற பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போகிற வழி முழுவதும் பஸ் கண்ணாடியில் பக்கவாட்டாக என்னையே பார்த்துக்கொண்டு போனேன்.

மகளைக் கீழ் வீட்டு மன்னார் அக்காவிடம் விட்டிருந்தேன். கதவைத் திறந்ததும் அவ, “என்னடி, மூக்கை எங்கை மாத்தினனீ? பல்லரோச் சந்தையிலை மலிவா விக்கிறாங்களோ?” என்றா. சும்மா ஒரு ஊசி அக்கா என்று சொல்லிச் சமாளித்தேன். மகள் அவவுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வழக்கம் போல ஓடி வந்து கட்டிப்பிடிக்கவில்லை.

மறுநாள் மூக்கில் வலை பின்னியது போல நீலமாகக் கோடுகள் வந்தன. படம் எடுத்துத் தொத்தொரேஸாவுக்கு அனுப்பினேன். வீக்கம் சாதாரணம், ஐஸ் வையுங்கள் என்று பதில் வந்தது. நன்றி என்று எழுதி ஒரு இதயமும் போட்டேன். நான் ஊரில் உயர்தர வகுப்பில் உயிரியல் படித்தவள். இரத்தக் குழாய் அடைபட்டால் தசை இறக்கும் என்று சோதனையில் எழுதிப் புள்ளி வாங்கியவள். கணவர் போன் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “இது சரியில்லை. அவவோடை கதையும்” என்றார்.

“ஞாயிற்றுக்கிழமை. குடும்பத்தோடை இருப்பா.”

“அவவுக்கு மட்டுந்தான் குடும்பமோ?”

நான் அவருக்குப் போன் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை மூக்கு நுனியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். நான் மாஸ்க் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். எங்களைப் போன்றவர்கள்தான் இந்தப் பிழையைச் செய்வோம் என்று நினைக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் அந்தக் கதவைத் தட்டிக்கொண்டு நோயாளியாகப் போயிருப்பார்கள். நான் வாளியோடு போனேன். உள்ளே ஆட்கள் இருந்தார்கள். இடையில் கூப்பிடுவது மரியாதையில்லை என்று கடைசி ஆள் போகும்வரை தாழ்வாரத்தைத் துடைத்தேன். பிறகு அவரே வெளியில் வந்து, முகம் எப்படி என்று கேட்டு மாஸ்க்கை இறக்கச் சொன்னார்.

அவர் முகத்தில் அந்த நேரம் கண்டதை மறக்க முடியவில்லை. கதவைப் பூட்டினார். ஃபில்லரைக் கரைக்கும் மருந்தைத் திரும்பத் திரும்ப ஏற்றினார். ஐஸ் கூடாது, சூடுதான் வேண்டும் என்று துவாயைச் சுடுநீரில் நனைத்து வைத்தார். ஏன் சொல்லவில்லை, ஏன் சொல்லவில்லை என்று கேட்டுக்கொண்டேயிருந்தார். அடைப்பு இன்னும் கொஞ்சம் மேலே போயிருந்தால் கண் போயிருக்கும் என்றார். பிறகு நான் துடைத்த ஈரத் தரையிலேயே அப்படியே இருந்துவிட்டார். நான் அவருடைய தோளைத் தடவி, தூத்தோ பேனே தொத்தொரேஸா என்றேன். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம், நானே பார்க்கிறேன், இது எங்களுக்குள் இருக்கட்டும் என்றார். தலையாட்டினேன்.

அவர் பார்த்தார்தான். தினமும் மருந்து கட்டினார். ஆனாலும் நுனி கறுத்துக் காய்ந்து பொருக்காகி விழுந்தது. அந்த இடத்தில் இப்போது ஒரு பயறு அளவில் பள்ளம் இருக்கிறது. உயர்த்திய தண்டு கரைந்து போய் பழைய மூக்கே திரும்பி வந்துவிட்டது. என்ன நடந்ததென்று கேட்டவர்களுக்கு எல்லாம், வடை சுடும்போது எண்ணெய் தெறித்தது என்றேன். மகளுக்கும் அதையேதான் சொன்னேன். கீழ் வீட்டு அக்காவுக்கு மட்டும், மாடிப்படியில் நின்று, முழுவதையும் சொல்லி அழுதேன்.

அதன் பிறகுதான் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு படுக்கத் தொடங்கினாள். முதலில் குளிர் என்று நினைத்தேன். சளி பிடித்தபோது துடைக்க விடவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் பழக்கத்தில் மூக்கைத் தொடப் போனால் மேசைக்கடியில் ஒளித்தாள். வகுப்பில் சட்டைக் கையால் மூக்கை மூடிக்கொண்டே இருக்கிறாள், வீட்டில் ஏதாவது கெட்ட மணமா என்று ஆசிரியை கேட்டார். பள்ளிக்கூடத்தில் எடுத்த வகுப்புப் படத்தில் மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இவளுக்குக் கண்கள் மட்டும்தான் தெரிகின்றன.

ஒரு நாள் குளிக்க வார்க்கும்போது கேட்டாள்.

“அம்மா, என்ரை எப்ப கறுக்கும்?”

கறுக்குமா என்று கேட்கவில்லை. எப்ப என்றுதான் கேட்டாள். உன்னுடையது ஏன் கறுக்க வேண்டும் என்றேன்.

“எல்லாரும் சொல்லீனம்தானே, இது உங்கடை மூக்கெண்டு.”

அது எண்ணெய் பட்டதால் வந்த காயம், உன் மூக்குக்கு ஒன்றும் வராது என்று சொல்லி அவள் தலையில் தண்ணீரை ஊற்றினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

“எண்ணெய் இல்லை. ஊசி. அன்ரிக்குச் சொன்னனீங்கள், நான் கேட்டனான். உங்கடை மூக்கு மலாத்தோவா இருந்ததோ?”

இங்கத்தைய பிள்ளைகள் நோய் வந்ததை அப்படித்தான் சொல்வார்கள். மூக்குக்கு நோயா என்று கேட்கிறாள். ஓம் என்றால் அவளுடைய மூக்கும் நோய்பிடித்த மூக்கு. இல்லை என்றால், நோயில்லாத மூக்குக்கு எதற்கு ஊசி? தொத்தொரேஸா கேட்டார், அதனால் போட்டேன் என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால், அன்பாகக் கேட்கிற எவருக்கும் தன் முகத்தைக் கொடுத்துவிடலாம் என்று என் பிள்ளை படித்துவிடும். எனக்கு என் மூக்குப் பிடிக்கவில்லை, அதனால் போட்டேன் என்று சொல்லலாம். சொல்லிவிட்டு அதே மூக்கை அவள் கண்ணாடியில் பார்க்கும்போது நான் எங்கே நிற்பது? நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். அந்த நாளை இன்னும் வரவில்லை. அவள் திரும்பக் கேட்கவுமில்லை. அதுதான் எனக்குக் கூடப் பயமாக இருக்கிறது.

அந்த நிலையத்தில் இன்னமும் வேலை செய்கிறேன். கை தட்டி எடுத்தார்களே, அந்தப் படம் அவர் பிறகு வைக்கிற வகுப்புகளின் திரையில் இப்போதும் வருகிறது. அதற்குப் பின் எடுத்த படங்கள் அதில் இல்லை. பள்ளத்தை லேசரால் சமப்படுத்தித் தருகிறேன் என்று தொத்தொரேஸா இப்போது கேட்கிறார், மனம் வருந்தித்தான் கேட்கிறார். கறுத்த தோலுக்கு லேசர் சரிவருமா என்று நான் கேட்க, பார்த்துச் செய்வோம் என்றார். செய்தால், அம்மா தன் மூக்கை இரண்டாவது தரமும் திருத்தப் போனதை மகள் பார்ப்பாள். செய்யாவிட்டால், தினமும் விடிய எழும்பி இந்தப் பள்ளத்தைப் பார்த்துவிட்டுத் தன் மூக்கைத் தடவிப் பார்ப்பாள். கணவர், எதுவானாலும் முதலில் பிள்ளையோடு கதையும் என்கிறார்.

இதை வாசிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம், என்னில் பிழையா தொத்தொரேஸாவில் பிழையா என்று தீர்ப்பும் வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளைக்கு விளங்கக்கூடிய, பொய்யில்லாத, அவளுடைய மூக்கைக் காயப்படுத்தாத ஒரு பதில் உங்களிடம் இருந்தால், அதை எந்தச் சொற்களில் சொல்ல வேண்டும் என்று எனக்கு எழுதுங்கள்.