வாப்பா துடைத்த செம்புப் பின்னல்

அந்தச் செம்புப் பின்னல் எதற்கானது என்று வாப்பாவுக்குத் தெரிந்திருந்ததா? அவர் மௌத்தாகி மண்ணுக்குள் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. சோறு வடிக்கும்போதும், மகனுக்குத் தலை சீவும்போதும் இந்தக் கேள்வி வந்து நிற்கிறது. ஒரு நாள் தெரிந்திருக்கும் என்று தோன்றுகிறது. மறுநாள், பெற்ற தகப்பனை அப்படி நினைத்ததற்காக அழுகை வருகிறது.

ஒரு முழம்கூட இல்லாத பொருள் அது. மெல்லிய செம்புக் கம்பிகளைத் தலைமயிர் போலப் பின்னி, இரண்டு முனையிலும் ஆணி பூட்ட வளையம் வைத்திருக்கும். எங்கள் வளவின் ஓலைக் கொட்டிலில், கழற்றிப் போட்ட பழைய கார் எஞ்சினின் ஓரத்தில் அது தொங்கிக்கொண்டிருந்தது.

வாப்பா ஏ போட்டி (A40) என்கிற பழங்காலக் காரை வாடகைக்கு ஓட்டி எங்களை வளர்த்தவர். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை அந்தக் காரைத் தெரியாதவர்கள் குறைவு. எனக்குக் கல்யாணம் பேசியபோது ஊர் வழக்கப்படி வீட்டை என் பெயருக்கு எழுதினார். காரை மருமகனுக்குக் கொடுத்தார். உம்மா அதற்கு முன்பே போய்விட்டதால், வாப்பா மட்டும் சமையல் குசினியோடு ஒட்டிய பின்னறைக்கு மாறினார். எங்கள் பக்கத்தில் மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் அதிகம் கதைப்பதில்லை. அது பகையல்ல, மரியாதை. "மகள், மருமகன் சாப்பிட்டாரா?" என்று என் கணவர் முன்னாலேயே வாப்பா என்னிடம் கேட்பார். "தின்னுட்டனாம் எண்டு செல்லுங்க" என்று என் கணவரும் என்னிடமே சொல்வார். ஆரம்பத்தில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது.

பெற்றோல் விலை ஏற ஏற, காருக்கு டீசல் எஞ்சின் பூட்டலாம் என்று என் கணவர் முடிவெடுத்தார். கராஜில் வேலை பழகியவர், கைவேலை சுத்தமானவர். வாப்பாவிடம் நான்தான் சொன்னேன். "அந்த எஞ்சினுக்கு என்ன குறையாம்?" என்று மட்டும் கேட்டார். சங்கிலி கட்டி அதை மேலே தூக்கிய அன்று, பின்னேரம் அஸர் தொழப் போனவர் இரவு இஷாவும் முடித்துத்தான் வீட்டுக்கு வந்தார். மறுநாள் முதல் கொட்டிலில் ஒரு பலகைப் பெட்டியைப் போட்டுக்கொண்டு, மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பழைய எஞ்சினைத் துடைக்கத் தொடங்கினார். இருபதடி தள்ளி, வேப்பமரத்தின் கீழே, என் கணவர் புதிய எஞ்சினைப் பூட்டினார்.

பூட்டி முடித்துச் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

பெற்றறியைக் கழற்றிக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வந்தார். அதே 'டக்'. ஸ்டார்ட்டர் மோட்டரைக் கழற்றி நிலத்தில் வைத்துக் கம்பி கொடுத்தார்; அது துள்ளிச் சுழன்றது. திரும்பப் பூட்டினால் செத்த பிணம். எஞ்சின் இறுகிவிட்டதோ என்று ஸ்பெனர் போட்டுக் கையால் சுற்றினார், சுற்றியது. அயலவர்கள் தெருவில் தள்ளியும் பார்த்தார்கள். எங்கள் தெரு கடல்மணல். பின்சக்கரம் சுழலாமல் மணலை உழுதது. தார் ரோட்டுக்கு இழுத்துச் செல்ல என் கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. சந்தையே பார்த்துச் சிரிக்கும் என்றார். சந்தைக்குப் போகாமலே அது நடந்தது. "என்ன மச்சான், காருக்குக் கத்தம் ஓதுவமா?" என்று, செத்த வீட்டில் ஓதக் கேட்பதுபோல, வேலிக்கு மேலால் கேட்டார்கள்.

மகனை மடியில் வைத்தபடி சாவியைத் திருப்பியது நான்தான். டீசல் எஞ்சினை இழுத்து நிறுத்துவதற்கென்று என் கணவர் அதிலிருந்து புதிதாக ஒரு கம்பியிழுத்து, அதன் குமிழை என் கைப்பக்கம் வைத்திருந்தார்.

"இஞ்சருங்க, இந்தக் குமிழ் சுடுதே."

"வெயிலுக்குச் சுடும் புள்ள. நீங்க திருப்புங்க."

கார் நிழலில்தான் நின்றது.

அந்த நாட்களில் சவூதிக்கு ஆள் சேர்க்கும் ஒருவர் வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். "இது ஓடிச்செண்டா நான் போகல்ல" என்று என் கணவர் என்னிடம் சொன்னார். பின்னறையில் இருந்த வாப்பாவுக்கும் அது கேட்டிருக்கும். நான் வாப்பாவிடம் போனேன்.

"வாப்பா, நீங்க ஒருக்காப் பாருங்களன்."

"மருமகன் கேட்டா செல்லலாம்."

அதை அப்படியே போய்ச் சொன்னேன். என் கணவர் தலையை நிமிர்த்தவில்லை. "அந்த எஞ்சினக் கழட்டின அண்டைக்கே உங்கட வாப்பா மொகத்தத் திருப்பிட்டாரு. நான் போய்க் கேக்கவா?"

கேட்கவில்லை. கடைசியில் எஞ்சினே பழுது என்று சொல்லிவிட்டுப் போய் விமானம் ஏறினார். மகன் அப்போது தவழக்கூடத் தொடங்கவில்லை.

வாப்பா அடுத்த மழைக்காலத்தில் மௌத்தானார். நாற்பதாம் நாள் கத்தத்துக்கு ஒலுவிலிலிருந்து காக்கா வந்தார். என் உடன்பிறந்த அண்ணன், லொறி ஓட்டுகிறவர். கொட்டிலுக்குள் போனவர், "இது ஏன் இஞ்ச கிடக்கு?" என்று அந்தப் பின்னலைத் தூக்கிக் காட்டினார். பிறகு காரின் கீழே படுத்து, ஒரு முனையை எஞ்சினிலும் மறுமுனையைக் காரின் இரும்பிலும் பூட்டி, நாள்பட்டுச் செத்துப்போன பெற்றறிக்குப் பதில் தன் லொறியின் பெற்றறியை வைத்தார். வாப்பாவின் கத்தத்துக்கு வந்தவர்கள் பார்த்திருக்க, கார் சட்டென்று ஸ்டார்ட் ஆனது.

நானும் பள்ளிக்கூடத்தில் மின்சுற்று படித்தவள்தான். மின்சாரம் போக வழி இருந்தால் போதாது, திரும்பி வரவும் வழி வேண்டும். எஞ்சின் றப்பர்க் கட்டைகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், எஞ்சினிலிருந்து காரின் இரும்புக்குத் திரும்பும் வழி அந்தப் பின்னல் ஒன்றுதான். அது இல்லாதபோது, மின்சாரம் குமிழின் மெல்லிய கம்பி வழியாகத் திரும்ப முயன்று அதைச் சுட வைத்திருக்கிறது. பின்னல் பழைய எஞ்சினோடு கழன்று போனதை என் கணவர் கவனிக்கவில்லை.

ஆனால் காக்கா தூக்கிக் காட்டியபோது அந்தப் பின்னல் பொன்போல மினுங்கியது. எங்கள் கடற்காற்றில் செம்பு சில மாதங்களில் பச்சை பிடித்துவிடும். வாப்பா படுக்கையில் விழும்வரை அதைக் கையில் எடுத்துத் துடைத்திருக்கிறார். ஆயுள் முழுக்க அந்தக் காரைத் தானே கழற்றிப் பூட்டியவர் அவர். ஒருவேளை பழைய எஞ்சினின் ஓர் உறுப்பு என்று மட்டும் நினைத்திருக்கலாம். டீசல் எஞ்சினுக்கு இது தேவையில்லை என்றும் நினைத்திருக்கலாம். கேட்டால் சொல்லக் காத்திருந்தாரா? கேட்காதவன் போகட்டும் என்று இருந்தாரா? நான் கேட்டதும் கேள்விதானே. மகள் கேட்டது கணக்கில் வராதா?

என் கணவர் கடிதம் எழுதுவதில்லை. கசெட்டில் பேசி அனுப்புவார். போன மாதம் வந்ததில், "அந்தக் கார இரும்புக்குக் குடுத்திருங்க. என்ட கைக்குத்தான் அது சரிவரல்ல" என்றார். அந்தக் குரலைக் கேட்டு நான் சாப்பிடவில்லை. கார் ஓடுகிறது என்று சொன்னால், என்ன குறை என்று கேட்பார். குறையைச் சொன்னால், அந்தப் பின்னல் எங்கே கிடந்தது என்று கேட்பார். அதற்கு நான் 'வாப்பாவின் கையில்' என்றுதானே சொல்ல வேண்டும்? சொல்லாவிட்டால், தன் கைதான் தோற்றது என்று அந்த வெயிலில் கிடந்து நினைத்துக்கொண்டே இருப்பார்.

நேற்றுப் பதில் கசெட்டு பிடித்தேன். மகன் முந்திக்கொண்டு, தன் தகப்பனை அழைத்து, "வாப்பா, நம்மட காரு இப்பிடிச் செல்லும்" என்று உதடு துடிக்க எஞ்சின் சத்தம் போட்டுக் காட்டினான். காக்கா வரும்போதெல்லாம் அவனுக்குக் காரை ஸ்டார்ட் பண்ணிக் காட்டுவார். நான் கசெட்டைப் பின்னால் சுற்றி, மேலே பதிவு செய்து அந்தச் சத்தத்தை அழித்துவிட்டேன். பிறகு போய்க் காரின் மூடியைத் திறந்து பார்த்தேன். துடைக்க ஆளில்லாமல் அந்தப் பின்னலில் பச்சை பூத்திருக்கிறது.

கசெட்டில் இன்னும் இடமிருக்கிறது. வெள்ளிக்கிழமை ஒருவர் ஜித்தாவுக்குப் போகிறார். அவர் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். இதை வாசிக்கும் நீங்கள் என் இடத்தில் இருந்தால் அதில் என்ன சொல்வீர்கள்? தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லுங்கள்.