லெபேகா போட்ட பங்கு

எங்கள் தொக்கெலாவுத் தீவில் ஊருக்குப் பொதுவான கணினி ஒன்றுதான். அதில் கைவைக்கத் தெரிந்த ஆளும் ஒருத்திதான், லெபேகா. நியூசிலாந்தில் போரிருவா ஊரில் பல வருஷம் அலுவலகங்களைப் பெருக்கித் துடைத்தவள். அங்கே தூக்கிப் போட்ட கணினிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிரித்து, கெடுத்து, மறுபடி சேர்த்துத்தான் தொழில் படித்தாள். அம்மாவுக்காகத் திரும்பி வந்தேன் என்பாள். அங்கே இவள் பேச்சைக் கேட்க ஆளில்லாமல்தான் வந்தாள் என்று நாங்கள் சொல்வோம். வாய் அப்படி.

அந்தக் கணினியில் இரண்டு குடித்தனம். பொத்தானை அழுத்தினால் விண்டோஸா, லினக்ஸா என்று கேட்கும். ஒன்று எழுந்தால் மற்றது தூங்கும். லினக்ஸ் பக்கத்தில் லெபேகா நான்கு மெய்நிகர் கணினிகளை உண்டாக்கியிருந்தாள். அதாவது, கணினிக்குள்ளேயே ஓடும் கணினிகள்: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மீன்பிடிக் குழு, பெண்கள் குழு என்று ஆளுக்கு ஒன்று. இருந்த நினைவகத்தை, கடற்கரையில் மீனை இனாத்தி, அதாவது ஊர்ப்பங்கு, போடுவதுபோல, நாலு சம பங்காகப் போட்டாள். எங்கள் ஊரில் மீன் எல்லா வீட்டுக்கும் சமம். கடலுக்குப் போனவனுக்கும் உண்டு, படுத்துக் கிடப்பவனுக்கும் உண்டு. அதனால், ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நாலையும் எந்நேரமும் ஓடவிட்டாள். ஊரே மெச்சியது.

பிறகுதான் கணினி நகர மாட்டேன் என்று அடம்பிடித்தது. நர்ஸ் சிலிவியா ஒரு பெயரைத் தட்டிவிட்டு, போய் ஊசி போட்டுவிட்டு வந்தால், திரையில் பாதிப் பெயர்தான் ஏறியிருக்கும். ஊர்ச்சபை கூடியது, கப்பலில் ஏற்றி சமோவாவிலுள்ள ஆப்பியாவுக்கு ரிப்பேருக்கு அனுப்புவதென்று முடிவானது. அப்படிப் போன எந்தச் சாமானும் லேசில் திரும்பியதில்லை. கணினி போனால் லெபேகா தாழைப் பாய் முடைய உட்கார வேண்டியதுதான். அதில் அவள் கை படு மோசம்.

சேதியைக் கொண்டுவந்தவர் கலோலோ. லெபேகாவின் தாய்மாமன், கடற்கரையில் மீனுக்குப் பங்கு போடுகிறவர்.

“மிஷினுக்கு வயசாயிடுச்சு புள்ள. நாளைக்குக் கப்பல். மூட்டை கட்டு.”

“வயசானது உங்களுக்கு மாமா, மிஷினுக்கில்ல. உக்காருங்க, காட்டறேன்.”

கணினியை அணைத்து விண்டோஸ் பக்கம் எழுப்பினாள். அதே ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் நகலை அங்கே திறந்தாள். தட்டின மாத்திரத்தில் திறந்தது.

“அட, பறக்குதே! இதுலயே வெச்சுக்கலாமேக்கா?” என்றாள், பதிவேட்டுக்காகப் பக்கத்தில் காத்திருந்த சிலிவியா.

“மத்த மூணு பேரோடதும் லினக்ஸ்லதான இருக்கு, அவங்க கடல்லயா குதிப்பாங்க? இதுலேருந்து ஒண்ணு தெரிஞ்சுபோச்சு. மிஷின்ல கோளாறு இல்ல. கோளாறு லினக்ஸ் பக்கம், நான் கட்டின வீட்டுல.”

இப்படிச் சொன்ன பிறகு பழியைப் போட வேறு ஆள் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். முகம் சிவக்க மறுபடி லினக்ஸுக்கு வந்து, நினைவகம் எங்கே போகிறது என்று பார்த்தாள். நாலு பங்கும் சேர்ந்து மொத்தத்தையும் விழுங்கியிருந்தன. நாலையும் சுமக்கிற லினக்ஸுக்கு இடமே மிச்சமில்லை. அது பாவம், எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க் என்கிற மெதுவான வட்டுக்குக் கொண்டுபோய் வைப்பதும் திரும்ப எடுப்பதுமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. பங்கு போட்ட அன்றைக்கே எச்சரிக்கை வந்தது. அவசரத்தில் ‘சரி’ என்று தட்டியவள் இவள்தான்.

“மாமா, நாலு பேருக்குப் பங்கு வெச்சேன். படகு ஓட்டறவனுக்கு வைக்கல.”

பள்ளிக்கூடத்துக்கு லீவு. மீன்பிடிக் குழு கடலில். பெண்கள் குழு எட்டிப் பார்த்தே நாளாகிறது. லெபேகா முதலில் தன்னுடைய பெண்கள் குழுவை அணைத்தாள். பிறகு பள்ளிக்கூடத்தை. மீன்பிடிக் குழுவின் மேல் கை போனதும் கலோலோ எழுந்துவிட்டார்.

“ஏய்! அது எங்க பங்கு. கேக்காம கை வைக்க நீ யாரு?”

“இங்க பங்கு போடறவ நான்தான். தப்பாப் போட்டதும் நான்தான். இது மீன் இல்ல மாமா, வெச்சாக் கெட்டுப்போக. உங்காளு வந்தா எழுப்பிக்கலாம். ஒரு எழுத்து குறையாது.”

அவர் பதில் சொல்லுமுன் அணைத்துவிட்டாள். லினக்ஸுக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு ஆஸ்பத்திரியை மட்டும் எழுப்பினாள். சிலிவியா தட்டத் தட்ட, விரலோடு விரலாக எழுத்து வந்தது. கலோலோ மீன்பிடிக் குழுவை ஒருமுறை எழுப்பச் சொல்லி, தன் ஆட்களின் பெயரெல்லாம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, சபை வீட்டுக்குப் போனார்.

எங்கள் தீவில் பங்கு போடுகிறவர் என்றால் ஆண்தான், அதிலும் பெரியவர்தான். அவர் வைத்த பங்கை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். கலோலோவுக்குக் கடற்கரைக் குரல். சபையில் பேசியது கணினி அறை வரை கேட்டது.

“மிஷின் கப்பலேறாது. அதுக்குப் பங்கு போடறவ ஒருத்தி இருக்கா. அவ வெச்சதுதான் பங்கு.”

அழப்போகிறாளோ என்று சிலிவியா திரும்பிப் பார்த்தாள். லெபேகா சன்னலில் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

“இன்னொரு தடவை சத்தமாச் சொல்லுங்க மாமா, காதுல விழல!”

அவர் சொன்னார்.