மூன்று மாதச் சம்பளமும் ஓர் அங்குலக் கம்பியும்

லேத் பட்டறையில் அவளுக்கு வெர்னியர் என்று பெயர். கம்பியின் தடிமனைத் தலைமுடி அளவுகூடப் பிசகாமல் காட்டும் அளவுகோலுக்கு வெர்னியர் என்று பெயர். அது அவள் சட்டைப்பையை விட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை. பதினோரு வருஷமாகச் சுழலும் இரும்பைக் கடைந்து, தண்டும் வளையமும் செய்துகொண்டிருக்கிறாள். தேநீர்க் கோப்பையைக்கூட அளந்து பார்த்து, "நேத்து குடுத்த கோப்பை இதைவிட ரெண்டு மில்லிமீட்டர் உயரம். யாரை ஏமாத்தப் பாக்கறீங்க?" என்று கடைக்காரரிடம் மல்லுக்கு நின்றவள். அப்படிப்பட்டவள் தன் நிச்சயதார்த்தத்தன்று, சபை நிறைய ஆள் பார்க்க, அளவில் கோட்டை விட்டாள். ஆனைக்கும் அடி சறுக்கும். சறுக்கின பிறகு அந்த ஆனை என்ன செய்தது என்பதுதான் கதை.

அவள் கட்டிக்கொள்ளவிருந்தவன் பட்டறைக்கு எதிர்ச்சாரியில் உள்ள பேக்கரியில் ரொட்டி சுடுகிறவன். கைப்பக்குவம் என்றால் அப்படி ஒரு கைப்பக்குவம், வாய்தான் கிடையாது. முதலாளி திட்டினால் மாவைப் பார்ப்பான், அக்கா திட்டினால் தரையைப் பார்ப்பான். எட்டு வருஷமாக அடுத்தவன் அடுப்பில் வெந்துகொண்டிருந்தவனுக்கு ஒரே ஓர் ஆசை, சொந்தமாக ஒரு மின்சார அடுப்பு வாங்கி, சின்னதாக ஒரு கடை போடவேண்டும். பழைய அடுப்பு ஒன்று விலைக்கு வந்திருந்தது. மாசக் கடைசி வரைக்கும் வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்று அடுப்புக்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்கு வேண்டிய பணம், சரியாக அவனுடைய மூன்று மாதச் சம்பளம், அக்காவின் பீரோவில் இருந்தது. கேட்டவனுக்கெல்லாம் அள்ளிக் கொடுக்கிற கை அவனுடையது என்பதால் சேமிப்பு எப்போதுமே அக்காவிடம்தான்.

வம்பே அங்கேதான் ஆரம்பித்தது. அந்தக் குடும்பத்தில் நிச்சயதார்த்த மோதிரம் என்றால் மூன்று மாதச் சம்பளம். யார் வைத்த கணக்கோ, எந்த மகராசன் எழுதி வைத்தானோ தெரியாது. அவர்கள் வீட்டில் ஆளை அறிமுகப்படுத்துவதே மோதிரத்தை வைத்துத்தான். "இவன் எங்க பெரியண்ணன், மூணரை மாசம் போட்டான். அவன் சித்தப்பா மகன், நாலு மாசம், அதுவும் கல்லு வெச்சு." மனுஷன் என்ன வேலை பார்க்கிறான், பெண்டாட்டியோடு பேசுகிறானா இல்லையா, அதெல்லாம் யாருக்கு வேண்டும்?

அக்கா பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். நூறு பிள்ளைகள் கூச்சலை ஒரு பார்வையில் அடக்குகிறவள். அவள் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்றே கால். ஒரு சாயங்காலம் பட்டறை வாசலுக்கே வந்துவிட்டாள்.

"மோதிரமே வேண்டாம்னு சொன்னியாமே?"

"வேண்டாம்னு சொல்லல அண்ணி. கடையில வாங்க வேண்டாம், சபைக்கு நானே கடைஞ்சுடறேன்னு சொன்னேன். நான் மெஷின்ல நிக்கிறவ, மோதிரத்தோட நிக்க முடியாது. அவர் மாவு பிசையறவர், மோதிரத்தோட பிசைய முடியாது. அப்ப அந்த மோதிரத்தை யார்தான் போடறது, பீரோவா?"

பட்டறையின் மூத்த கைக்கு ஒம்பது அண்ணன் என்று பெயர். இளவயதில் மோதிரத்தோடு மெஷினில் கை வைத்து, மோதிர விரலையே பறிகொடுத்தவர். அவர் வெளியே தலையை நீட்டி, விரல் இல்லாத இடத்தைக் காட்டினார். "மோதிரத்துக்கு நான் குடுத்த விலையை உங்க குடும்பத்துல யாரும் குடுத்திருக்க மாட்டாங்கம்மா."

அக்கா முகம் சுளித்தாள். "அதுக்காக? ஊர் என்ன பேசும்?"

"ஊர் வாயை மூட உலைமூடி இருக்கா அண்ணி? மூணு மாசச் சம்பளத்தை விரல்ல மாட்டிக்கிட்டு, மிச்ச ஆயுசு பூரா அவர் அடுத்தவன் அடுப்புல வேகணுமா? அடுப்பு வரட்டும். ஊர் வந்து ரொட்டி வாங்கட்டும். அது பேசறதை அப்புறம் கேட்டுக்கறேன்."

அக்கா பதில் பேசாமல் போனாள். பேசாமல் போனதை வெர்னியர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். அது அவள் செய்த முதல் தப்பு.

மறுநாளே ஒரு துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை மெஷினில் ஏற்றினாள். ஓர் அங்குலத் தடிமன். ஏதோ வேலையில் மிஞ்சி, மூலையில் கிடந்த துண்டு. அவன் மதியம் ரொட்டி கொண்டுவந்து கொடுத்தபோது கையைப் பிடித்து, மோதிர விரலின் அடியில் வெர்னியரை வைத்தாள். பத்தொன்பது புள்ளி இரண்டு மில்லிமீட்டர். மூன்று தரம் வைத்தாள், மூன்று தரமும் அதேதான். நாலு நாள் வேலை நேரம் முடிந்து நின்று, உள்ளே கடைந்து, வெளியே கடைந்து, உப்புத்தாளால் தேய்த்து, துணியால் மெருகேற்றி, முகம் தெரிகிற மாதிரி இரண்டு மோதிரம் செய்தாள். அவளுடையது கச்சிதமாக உட்கார்ந்தது.

"எனக்குப் போட்டுப் பாக்கட்டுமா?" என்று அவன் கேட்டான்.

"எதுக்கு? நான் அளந்தா அளந்ததுதான். சபையில போட்டாப் போதும்."

இது இரண்டாவது தப்பு. இதற்குத் திமிர் என்று பெயர். அவளே பிற்பாடு அப்படித்தான் சொன்னாள்.

நிச்சயதார்த்தம் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, அவள் வீட்டு மாடிக் கூடத்தில். வாடகை நாற்காலிகள், கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துச் சுற்றுகிற மின்விசிறி, முன்வரிசையில் அவன் பெரியப்பா, பெரியண்ணன், சித்தப்பா மகன், அவர்களுடைய மோதிரங்கள். அவன் அவளுக்குப் போட்டான். பதமாக ஏறியது. அவள் அவனுக்குப் போட்டாள். விரலின் நடுக்கணு வரைக்கும் போன மோதிரம் அங்கேயே நின்றுவிட்டது.

அழுத்தினாள். திருகினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தான். யாரோ எண்ணெய் கொண்டுவந்தார்கள், யாரோ சோப்பு கொண்டுவந்தார்கள். மோதிரம் இம்மி நகரவில்லை. பின்வரிசையில் களுக்கென்று ஒரு சிரிப்பு கேட்டது. "இரும்புக்கடை மோதிரம் இல்ல, அப்படித்தான் இருக்கும்" என்றது ஒரு குரல். அவளுடைய அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவள் பதினோரு வருஷமாகச் செய்த தண்டுகள் எதிலும் கணு கிடையாது. நுனியிலிருந்து அடி வரைக்கும் ஒரே தடிமன். ஒரு தண்டை எந்த இடத்தில் அளப்பாளோ அப்படித்தான் அவன் விரலையும் அளந்திருந்தாள். அவனுக்கோ அந்த ஒரு விரலில் மட்டும் கணு நெல்லிக்காய் மாதிரி புடைத்திருந்தது.

அக்கா எழுந்து வந்தாள். தம்பியின் விரலைப் பிடித்து, மோதிரத்தைக் கழற்றி அவளிடம் கொடுத்தாள்.

"பத்து வயசுல கதவுல நசுங்கின விரல் இது. ஒரு மாசம் கட்டுப் போட்டவ நான். உனக்கு எங்க தெரியும்?"

எத்தனையோ வசவுகளைக் கேட்டவள்தான் வெர்னியர். இது மட்டும் சுருக்கென்று தைத்தது.

அதோடு நிற்கவில்லை. அக்கா கைப்பையிலிருந்து ஒரு நீலப் பெட்டியை எடுத்துத் திறந்தாள். உள்ளே ஜோடியாக இரண்டு தங்க மோதிரங்கள், கல் பதித்தவை. இரண்டையும் சேர்த்து ஒரு சிவப்பு நூலில் கட்டி, நூலில் கடையின் முத்திரை வைத்திருந்தார்கள்.

"இப்படி ஆகும்னு தெரிஞ்சுதான் நேத்தே வாங்கி வெச்சேன். எந்தப் பணம்னு கேக்காதே, உனக்கே தெரியும். நூல் அறுபடாம இருந்தா இன்னிக்கு ஆறு மணி வரைக்கும் திருப்பி எடுத்துக்குவாங்க. அறுத்துட்டா நம்மளது." இன்னொரு கையில் கத்தரிக்கோல் தயாராக இருந்தது.

வெர்னியரின் கண்ணுக்கு அந்தச் சிவப்பு நூலில் ஓர் அடுப்பே தொங்குவது தெரிந்தது. அடுப்பு, கடை, அவனுடைய எட்டு வருஷம். அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் வழக்கம்போலத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். போதும்டா சாமி, இதற்கும் நான்தான் பேசவேண்டுமா என்று நினைத்து வாயைத் திறந்தாள்.

"அக்கா, வெட்டாதே."

சொன்னது அவன்தான். தரையைப் பார்த்தபடியேதான் சொன்னான். ஆனாலும் சொல்லிவிட்டான்.

அக்காவே ஒரு கணம் ஆடிப்போனாள். "அப்ப மோதிரம் இல்லாமலே நிச்சயமா? பெரியவங்க எழுந்து போயிடுவாங்கடா!"

"மோதிரம் இருக்கு," என்றாள் வெர்னியர். "நான் கெடுத்தேன், நானே சரி பண்றேன். அஞ்சரை வரைக்கும் பொறுங்க அண்ணி."

"அஞ்சரைக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் வெட்டிடுவேன்."

"வெட்டிக்கோங்க."

பட்டறைச் சாவி ஒம்பது அண்ணனிடம் இருந்தது. அண்ணன் மூன்றாவது வரிசையில் கையில் பலகாரத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். தட்டைப் பக்கத்து ஆள் மடியில் வைத்துவிட்டு எழுந்தார். அவர் ஒரு வண்டியிலும், வெர்னியர் தன் ஸ்கூட்டரில் மாப்பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டும் பறந்தார்கள். நிச்சயதார்த்தப் பெண் மாப்பிள்ளையைக் கடத்திக்கொண்டு போகிறாள் என்று தெருவில் ஒருவன் கத்தினான். "ஆமா, உனக்கென்ன?" என்று அவளும் கத்தினாள்.

பட்டறைக்குள் போனதும் ஒம்பது அண்ணன் குறுக்கே நின்றார். "புடவையோட மெஷின்கிட்ட போனே, காலை ஒடிச்சிடுவேன். குடு, நான் பண்றேன்."

"என் மோதிரம் அண்ணே. நீங்க லைட்டைப் போடுங்க."

மறைவில் போய் வளையலைக் கழற்றி, பூவை எடுத்து, புடவையை மடித்து வைத்துவிட்டு, காக்கி உடுப்பில் வந்து நின்றாள். முதலில் அவன் கையைப் பிடித்தாள். இந்தத் தரம் அடியில் அளந்தாள், கணுவில் அளந்தாள், கணுவைக் குறுக்கிலும் அளந்தாள். இருபது புள்ளி நாலு.

"வலிச்சுதா அப்ப?" என்று கேட்டாள்.

"எப்ப?"

"கதவுல நசுங்கினப்ப."

"அக்காதான் அழுதா," என்றான்.

மெல்லிய வளையத்தை, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் மெஷின் தாடையில் நேராக வைத்தால் நசுங்கிவிடும். பித்தளையில் ஒரு கூடு கடைந்து, அதில் ஒரு வெட்டுப் போட்டு, மோதிரத்தை உள்ளே வைத்துப் பிடித்தாள். அதற்கே பத்து நிமிஷம் போனது. ஒம்பது அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தார், மணி சொல்லவில்லை. சொன்னால் கை பதறும் என்று அவருக்குத் தெரியும். உளி உள்ளே போனது. சுருள் சுருளாக எஃகு உதிர்ந்தது. நிறுத்தி அளந்தாள், மறுபடி ஓட்டினாள், நிறுத்தினாள். சூடு ஆறும் முன்பே அவன் விரலை நீட்டினான்.

கணுவில் ஒரு சின்ன முனகலோடு தாண்டி, அடியில் போய் உட்கார்ந்தது மோதிரம். உட்கார்ந்ததும் லொடலொடவென்று சுற்றியது.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. பதினோரு வருஷத்தில் இப்படி ஒரு தளர்வான வேலையை அவள் கையால் வெளியே அனுப்பியதில்லை. "சுத்துதே!"

"சுத்தட்டும்," என்றான் அவன். "வா, மணி அஞ்சு இருபது."

புடவை மாற்ற நேரம் ஏது? காக்கி உடுப்பும் எண்ணெய்க் கையுமாக மாடிப்படி ஏறினாள். கூடத்தில் அக்கா கத்தரிக்கோலை நூலுக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து இருபத்தெட்டு. வெர்னியர் யாரையும் பார்க்கவில்லை. சபை நடுவில் நின்று, மோதிரத்தைக் கழற்றி அவன் விரலில் மறுபடி போட்டாள். கணுவில் முனகியது, தாண்டியது.

அப்புறம் பெரியப்பா குனிந்து அந்த மோதிரத்தைப் பார்த்தார். குடும்பத்துக் கேள்வியைக் கேட்காமல் அவரால் இருக்க முடியுமா?

"எவ்வளவு ஆச்சுப்பா?"

மாப்பிள்ளை முதல் தரமாகத் தலையை நிமிர்த்தினான். "ஒண்ணும் ஆகல பெரியப்பா. மூணு மாசச் சம்பளம் மிச்சமாச்சு."

பின்வரிசையில் ஒம்பது அண்ணன் ஒன்பது விரலாலும் கை தட்டினார். சித்தப்பா மகன் தன் கல் மோதிரத்தை ஏனோ உள்ளங்கைப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அக்கா மட்டும் நீலப் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தாள். வெர்னியர் அவள் முன்னால் போய் நின்றாள். "அண்ணி, கணு விஷயத்துல நீங்க சொன்னது சரி. நான் பாக்கல. திட்டறதை வழியில திட்டுங்க. கடை ஆறு மணிக்கு மூடிடும், ஏறுங்க வண்டியில."

அக்கா ஏறினாள். சிக்னலில் வண்டி நின்றபோது, காதுக்குப் பக்கத்தில் அவள் குரல் கேட்டது.

"என் நிச்சயத்துக்கு அவங்க போட்டது நூல் மாதிரி மோதிரம். எங்க பெரியம்மா சபையில என் கையைத் தூக்கிப் பிடிச்சு, இது மோதிரமா, மோதிரத்தோட நிழலான்னு கேட்டாங்க. அத்தனை பேரும் சிரிச்சாங்க. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். இருபது வருஷம் ஆச்சு, இன்னும் காதுல கேக்குது. என் தம்பிக்கு அது வரக் கூடாதுன்னுதான்..."

"இன்னிக்கும் சிரிச்சாங்களே அண்ணி."

"சிரிச்சாங்க. நீ குனியலையே."

பச்சை விழுந்தது.

கடைக்குள் போனபோது ஆறடிக்க ஐந்து நிமிஷம். கடைக்காரர் பெட்டியைத் திறந்து, நூலைத் தடவி, முத்திரையை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "ஏம்மா, பொண்ணுக்குப் பிடிக்கலையா? இதைவிடக் குறைஞ்ச விலையிலயும் இருக்கு, காட்டட்டுமா?" என்றவர், காக்கி உடுப்பில் எண்ணெய் வழிய நின்றவளை மேலும் கீழும் பார்த்தார். "இது யாரு, கூட வந்த ஆளா?"

வெர்னியர் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அக்கா மேஜை மேல் இரண்டு கையையும் ஊன்றிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் நூறு பிள்ளைகளை அடக்கும் அதே பார்வை.

"என்ன அப்படிப் பாக்கறீங்க? இவதான் பொண்ணு. எங்க வீட்டுப் பொண்ணு. மோதிரத்தை அவளே கடைஞ்சு போட்டாச்சு. நீங்க பணத்தை எடுங்க, நாங்க போய் அடுப்பு வாங்கணும்."